செஞ்சியிலிருந்து கடற்கரைக்குப் போன தூண்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் மேல் உத்திரமும் இல்லை, கூரையும் இல்லை. மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள் சிலையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். தூண்கள் படத்தின் ஓரத்தில் விழுகின்றன. இவை பிறந்த ஊர் புதுச்சேரி அல்ல, சுமார் 70 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் செஞ்சி.

செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில், புதுச்சேரி வாசல் என்று பெயர் பெற்ற கிழக்கு வாசலை ஒட்டி, வெங்கடரமணர் கோயில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சியில் எழுந்தது. கட்டியவர் முத்தியாலு நாயக்கர் என்பார்கள். கோபுர வாசலின் உட்சுவரில் இராமாயணக் காட்சிகள், பாற்கடல் கடைவது, திருமாலின் அவதாரங்கள் எல்லாம் இன்னும் கூர்மை குறையாமல் இருக்கின்றன. ஆனால் உள்ளே போனால், இவ்வளவு பெரிய கோயிலுக்கு இருந்திருக்க வேண்டிய தூண்களின் எண்ணிக்கை குறைவது கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தக் காலத்துத் தூண் ஒன்றைச் செய்வது லேசான வேலை அல்ல. நீளமான ஒரே கல்லைப் பிளந்தெடுப்பார்கள். அடியிலும் நடுவிலும் மேலேயும் சதுரங்களை விட்டுவிட்டு, இடைப்பட்ட இடங்களில் மூலைகளைத் தட்டி எட்டுப் பட்டை, பதினாறு பட்டை என்று இறக்குவார்கள். சதுரத்தின் நான்கு முகத்திலும் சிற்றுருவங்கள் வரும்: தெய்வம், விலங்கு, கொடி, பூ. கருங்கல்லில் ஒரு முகம் சிதறிவிட்டால் ஒட்டவைக்க முடியாது. மொத்தக் கல்லும் வீண். சிற்பியின் பெயர் எந்தத் தூணிலும் இல்லை, கை மட்டும் இருக்கிறது.

செஞ்சி பலர் கைமாறிய ஊர். 1677-ல் சிவாஜி எடுத்துக்கொண்டார். அவருடைய மகன் ராஜாராம் இங்கே தங்கி மொகலாயரின் நீண்ட முற்றுகையைத் தாங்கினார். 1698-ல் கோட்டை விழுந்தது. 1714-ல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி உயிர்விட்டார். 1750 செப்டம்பரில், ஒரே இரவில், புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது. 1761 வரை அது அவர்கள் வசம் இருந்தது.

புதுச்சேரியில் அப்போது கவர்னர் டூப்ளே. அவருக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர்தான் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. வெற்றியைக் கல்லில் நிறுத்திவைப்பதில் டூப்ளேக்குப் பிரியம் அதிகம். செஞ்சி பிடிபட்ட அதே ஆண்டு டிசம்பரில், பக்கத்திலேயே ஹைதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் தன் பெயரில் ஓர் ஊரும் வெற்றித் தூணும் அமைக்க டூப்ளே திட்டமிட்டார். அப்படிப்பட்ட மனநிலை நிலவிய ஆட்சியில்தான் செஞ்சிக் கோயிலின் தூண்கள் கடலோரத்துக்குப் பயணப்பட்டன. மாடும் ஆளும் தவிர வேறு இழுவிசை இல்லாத காலம். அத்தனை பாரத்தை அத்தனை தூரம் கொண்டுபோனவர்கள் கல்லுக்குப் பஞ்சம் வந்து போனவர்கள் அல்ல.

ஒருவருக்காகச் செதுக்கிய கல்லை இன்னொருவர் எடுத்துக்கொள்வது என்றால் எகிப்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1940-ல் பியேர் மோந்தே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் டானிஸ் நகரில் சூசென்னஸ் என்ற அரசனின் கல்லறையைத் திறந்தார். உள்ளே இருந்த செந்நிறக் கருங்கல் பேழை அந்த அரசனுக்காகச் செய்ததே அல்ல. ஏறத்தாழ 200 ஆண்டுக்கு முன் ஆண்ட மெர்னெப்தாவுக்காக வெட்டியது. பழைய பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிய பெயரைப் பொறித்திருந்தார்கள். ஒரே ஓர் இடத்தில், மூடியில் கிடக்கும் உருவத்தின் இடுப்புப் பட்டையில், மெர்னெப்தாவின் பெயர் அழியாமல் தங்கிவிட்டது. அந்த மெர்னெப்தாவின் தந்தை இரண்டாம் ராம்சேஸுக்கும் இதே கதிதான். அபிடோஸில் 2009-ல் கிடைத்த ஒரு பேழைத் துண்டு அவருடையது என்று 2024-ல் கண்டுபிடித்தார்கள், அதில் பிற்காலத்துத் தலைமைப் பூசாரி ஒருவர் துயின்றிருந்தார்.

எகிப்தியருக்குப் பழைய பெயர் போக வேண்டியிருந்தது. புதுச்சேரியில் நடந்தது நேர்மாறு. செஞ்சித் தூண்களில் உளி படவில்லை, படவும் கூடாது. செஞ்சி என்று பார்த்தவுடன் தெரிந்தால்தான் அவை வெற்றிச் சின்னம். பிரெஞ்சு முகமாக மாற்றிச் செதுக்கியிருந்தால் வெறும் தூண்களாகப் போயிருக்கும். கொள்ளையடித்தவரின் பெருமைதான் இந்தச் சிற்பங்களைக் காப்பாற்றியது என்று சொல்ல எனக்குக் கசப்பாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

1870-ல் டூப்ளேயின் சிலை கடற்கரையில் திறக்கப்பட்டது. அவர் 1754-ல் அவமானப்பட்டுத் திருப்பி அழைக்கப்பட்டு, 1763-ல் பாரிசில் கடனோடு இறந்தவர். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த மரியாதை அது. சிலையின் பீடத்துக்குச் செஞ்சிக் கோயிலின் செதுக்குக் கற்கள். சுற்றிலும் செஞ்சித் தூண்கள்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. டூப்ளே சிலை பின்னர் கடற்கரைச் சாலையின் தென்கோடிப் பூங்காவுக்குப் போயிற்று. தூண்களின் நடுவே தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த காந்தி வந்து நின்றார். கோயிலில் பெருமாளுக்காக நின்றவை, கவர்னருக்காக நின்று, இப்போது கைத்தடியோடு நடக்கும் ஒரு மனிதருக்காக நிற்கின்றன. இந்த மூன்றாவது வேலை இரண்டாவதைவிட எவ்வளவோ மேல்.

எல்லாத் தூண்களும் கடலுக்குப் போகவில்லை. சில, 19-ஆம் நூற்றாண்டில், செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள மேல்சித்தாமூர் சமணக் கோயிலுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். திருமாலுக்காகச் செதுக்கிய கல் தீர்த்தங்கரரின் வாசலில் பாரம் தாங்குவதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. தூணுக்குத் தூண் வேலையே கிடைத்தது என்பதால் இந்தப் பயணம் எனக்கு நிறைவைத் தருகிறது.

2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மலைகளுக்கும் மதில்களுக்கும் கிடைத்த அந்தக் கவனம், வெளியே போன கற்களுக்கும் நீள வேண்டும். தூண்களைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. பெயர்த்தெடுத்தால் அடிச்சதுரம் சிதறும். காந்தி சிலையும் வெறுமையாகிவிடும். பெயர் போதும். காந்தி சிலைக்கு வழி காட்டுகிற ஆட்டோக்காரரும் வழிகாட்டியும் “இதெல்லாம் செஞ்சி வெங்கடரமணர் கோயில் தூணுங்க” என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லட்டும். செஞ்சிக் கோயிலைப் பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கும், இங்கே காணாததைப் புதுச்சேரியில் போய்ப் பார்க்கலாம் என்று ஆசிரியர் சொல்லட்டும்.