ஒரு டெராபைட் ஏன் 931 ஜிபி ஆகுது?

புதுசா 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி விண்டோஸ் கம்ப்யூட்டர்ல மாட்டினா, 931 ஜிபின்னுதான் காட்டும். மீதி எங்கே போச்சு? எங்கேயும் போகல. ஒரே பேர்ல ரெண்டு படி இருக்கு. கடைக்காரர் ஒண்ணுல அளக்கிறார், கம்ப்யூட்டர் இன்னொண்ணுல அளக்குது. இது எப்படி வந்துச்சுன்னுதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

1795-ல் பிரான்ஸ் மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியபோதே 'கிலோ'ன்னா 1000-ன்னு முடிவாயிடுச்சு. ஆனா கம்ப்யூட்டர் மெமரிக்கு அந்தக் கணக்கு ஒத்துவரல. மெமரியில ஒவ்வொரு இடத்துக்கும் 0, 1 மட்டுமே வெச்சு எழுதின ஒரு முகவரி உண்டு. ஒரு இலக்கம் கூடினா முகவரிகள் இரட்டிப்பாகும். பத்து இலக்கத்துல 1024 முகவரி வரும். 1000-க்குப் பக்கத்துல இருக்கேன்னு, 1960-களில் இன்ஜினியர்கள் அதையும் 'கே'ன்னே சொல்லப் பழகிட்டாங்க.

டிஸ்க்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 1956-ல் வந்த ஐபிஎம் 350 டிஸ்க்குல 50 தட்டுகள், கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். எல்லாம் நம்ம பத்தாம் கணக்குதான். அப்புறம் வந்த ஃப்ளாப்பி ரெண்டையும் கலந்துடுச்சு. '1.44 எம்பி'ன்னா 1440-ஐ 1024-ஆல் பெருக்கணும். அதாவது, அந்த ஒரு எம்பி 1000 பெருக்கல் 1024!

கிலோவுல இந்த வித்தியாசம் வெறும் 2.4 சதவீதம். யாரும் கண்டுக்கல. ஆனா படி ஏற ஏற அதுவும் வளருது: மெகாவுல கிட்டத்தட்ட 5, கிகாவுல 7, டெராவுல 10 சதவீதம். பெட்டியில எழுதியிருக்கிற டெராபைட் சரியா ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 107 கோடிச் சொச்சம் பைட் கொண்ட 'ஜிபி'யால வகுக்குது. அதான் 931.

1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி ஒரு வழி சொன்னது: 1024 கணக்குக்கு கிபி, மெபி, கிபின்னு தனிப் பேர். தமிழ்ல எழுதினா முதலும் மூணாவதும் ஒரே மாதிரி தெரியுது பாருங்க! லினக்ஸ் உலகத்துல ஓரளவு புழங்குது, ஆனா கடைத்தெருவுக்கு வரவே இல்ல.

விஷயம் அமெரிக்காவுல கோர்ட்டுக்கும் போச்சு. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-லும் சீகேட் 2007-லும் வாடிக்கையாளர்களோட சமரசத்துக்கு வந்தாங்க. சீகேட் விலையில 5 சதவீதம் அல்லது இலவச சாஃப்ட்வேர் தர்றதா ஒத்துக்கிட்டது. தப்பு பண்ணினதா மட்டும் ஒத்துக்கல. 2009-ல் ஆப்பிள் தன்னோட மேக் கம்ப்யூட்டர்களை 1000 கணக்குக்கு மாத்திடுச்சு. அதனால அதே டிஸ்க் மேக்ல 1 டிபின்னே தெரியும்.

என்னைக் கேட்டா, டிஸ்க் கம்பெனி பைட்டைத் திருடல. ஆனா பெரிய எண்ணாத் தெரியுற கணக்கு அவங்களுக்கு வசதியா இருந்தது. விண்டோஸோ 1024-ல வகுத்துட்டு, பக்கத்துல இன்னமும் 'ஜிபி'ன்னு எழுதுது. குழப்பம் தீரணும்னா மாத்த வேண்டியது அந்த ரெண்டெழுத்தைத்தான். அதுவரைக்கும், வாங்குறப்போ ஜிபி எண்ணை 0.93-ஆல பெருக்கிப் பாத்துக்கோங்க.