பரிஸ் புத்தகக் கடைகளில் கிடைக்காத நூல்

நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முதலாவது அலகு 2011இல் இயங்கத் தொடங்கியபோது நானும் அதுபற்றி எழுதினேன். எரிக்கப்படும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுக் கடந்த அளவே மின்சாரமாகிறது, எஞ்சியதில் பெரும்பகுதி கடலில் போய்க் கலக்கிறது என்று அறிந்ததும், இது யாருடைய கவனக்குறைவு என்று கேட்கும் தொனியில் பத்தியை முடித்திருந்தேன். சில நாட்களின் பின் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, நீர் கார்னோவை வாசித்திருக்கிறீரோ?" என்று மட்டும் கேட்டார்.

கலைப் பட்டதாரியான எனக்குத் தெரிந்த கார்னோ, 1894இல் லியோன் நகரில் குத்திக் கொல்லப்பட்ட பிரான்ஸ் ஜனாதிபதி. பொறியியலாளர் குறிப்பிட்டது அந்த ஜனாதிபதியின் பெரிய தந்தையை. இருவருக்கும் பெயர் ஒன்றே: சாடி. பாரசீகக் கவிஞர் சாதியின் பெயரால் வைக்கப்பட்டது.

மூத்த சாடி 1796இல் பரிஸில் பிறந்தார். தந்தை லசார் கார்னோ, பிரெஞ்சுப் புரட்சியின் படைகளை ஒழுங்கமைத்தவர், நெப்போலியனின் அமைச்சராக இருந்தவர். இயந்திரங்கள் பற்றி நூல் எழுதிய கணித அறிஞரும்கூட. நெப்போலியன் வீழ்ந்ததும் தந்தை நாடுகடந்தார். படையில் பொறியியல் அதிகாரியாயிருந்த மகனுக்குப் பெரிய எதிர்காலம் எதுவும் தெரியவில்லை. கிடைத்த ஓய்வில் அவர் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தின் வலிமை அதன் நீராவி இயந்திரங்களில் இருந்தது. நியூகோமனும் வாட்டும் அவர்களுக்குப் பின்வந்தோரும் அவற்றைத் திருத்திக்கொண்டே சென்றனர். இந்தத் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டா? நீராவிக்குப் பதிலாக வேறொரு பொருளைப் பயன்படுத்தினால் அந்த எல்லையைக் கடக்கலாமா?

இதற்கான விடையை 1824இல் 118 பக்கங்களில், தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். 'நெருப்பின் இயக்கு வலிமை பற்றிய சிந்தனைகள்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். அவருடைய உவமை நீர்வீழ்ச்சி. நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்கு விழும்போது சில்லைச் சுழற்றுவது போல, வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதே வேலை பிறக்கிறது. ஆகவே உலை மட்டும் போதாது, குளிர்ந்த இடமொன்றும் வேண்டும். எல்லையைத் தீர்மானிப்பவை அந்த இரண்டு வெப்பநிலைகளே. இடையில் இயங்குவது நீராவியா காற்றா என்பது பொருட்டன்று.

லக்சபானவின் நீரில் மின்சாரம் கண்டு வளர்ந்த நமக்கு இவ்வுவமை அந்நியமன்று. ஆனால் நம்மை ஏமாற்றியதும் அதுதான் என்று நினைக்கிறேன். நல்ல நீர்ச்சுழலி, விழும் நீரின் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை எடுத்துவிடும். அதே கணக்கை நெருப்பிடமும் எதிர்பார்த்தோம். வெப்பத்தின் வீழ்ச்சியோ அடிவரை செல்வதில்லை. வெப்பநிலையின் உண்மையான அடித்தளம் பூச்சியத்துக்குக் கீழே 273 பாகை செல்சியஸ். நமது கடலோ ஏறத்தாழ 30 பாகையிலேயே நின்றுவிடுகிறது. 540 பாகை நீராவியையும் 30 பாகைக் கடலையும் அத்தளத்திலிருந்து அளந்தால் 813, 303 என்று வரும். குறைபாடே இல்லாத இயந்திரமும் நூற்றுக்கு 63 பங்குக்கு மேல் தரமுடியாது. மீதி 37 பங்கும் கடலுக்குரியதே. எந்த அமைச்சரும் அதைப் பேரம்பேசிக் குறைக்க இயலாது.

நூலின் கதைக்குத் திரும்புகிறேன். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் அதற்கு நல்ல மதிப்புரை கிடைத்தது. நல்ல மதிப்புரை நூலை விற்றுத்தராது என்பதை எழுதுவோர் அறிவர். 1832இல் கொலரா நோயால் கார்னோ இறந்தார். வயது 36. தொற்றுக்கு அஞ்சி அவருடைய உடைமைகளும் கடதாசிகளில் பெரும்பகுதியும் அழிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளின் பின் கிளப்பெரோன் என்ற பொறியியலாளர் நூலின் கருத்தைக் கணித வடிவில் எழுதியிராவிட்டால், அது அத்துடன் முடிந்திருக்கும்.

அக்கட்டுரை வழியாகப் பெயரை அறிந்த வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, 1845இல் பரிஸ் புத்தகக் கடைகளில் நூலைத் தேடினார். கடைக்காரர்கள் தம்பி ஹிப்போலித்தின் சமூகவியல் நூலையே எடுத்துக் காட்டினார்களாம். தொம்சனின் கைக்கு நூல் எட்டியது 1848இன் இறுதியில். அதற்கு முன்பே, அதே ஆண்டில், கார்னோவின் கருத்தைக் கொண்டு தனி வெப்பநிலை அளவுத்திட்டத்தை அவர் முன்மொழிந்துவிட்டார். 1850இல் ஜேர்மனியரான கிளவுசியஸ் நூலிலிருந்த தவறொன்றைத் திருத்தினார். வெப்பம் அழியாத ஒரு பாய்பொருள் என்றே கார்னோ எழுதியிருந்தார். உண்மையில் அதன் ஒரு பகுதி வேலையாக மாறிவிடுகிறது.

என்னை வருத்துவது இனிமேல்தான் வருகிறது. தப்பிய குறிப்புகளை 1878இல் ஹிப்போலித் வெளியிட்டபோது, அண்ணன் அந்தத் தவறைத் தாமே கண்டுகொண்டிருந்தது தெரியவந்தது. வெப்பம் இயக்கமே என்று எழுதி, எவ்வளவு வெப்பத்துக்கு எவ்வளவு வேலை என்ற கணக்கையும் போட்டிருந்தார். மயரும் ஜூலும் அக்கணக்கை வெளியிட்டது 1840களில்.

63 வரை செல்லலாம் என்றால், நிலக்கரி நிலையம் 37 அளவில் ஏன் நிற்கிறது என்று பொறியியலாளரிடம் பின்னர் கேட்டேன். தண்ணீர் சூடேறும் வழி முழுவதும் 540 பாகையில் வெப்பத்தைப் பெறுவதில்லை, கொதிகலனும் சுழலியும் தம் பங்கை இழக்கின்றன என்றார். அந்த இடைவெளியில்தான் பொறியியலும் பராமரிப்பும் நேர்மையும் வேலைசெய்ய இடமுண்டாம். கெரவலப்பிட்டியில் உள்ளது போன்ற கூட்டுச் சுழற்சி நிலையங்கள், வாயுச்சுழலி வெளிவிடும் சூட்டில் மீண்டும் நீராவி உண்டாக்குகின்றன. மேலுள்ள வெப்பநிலை உயர்வதால் அவ்வகையில் சிறந்தவை இன்று 60ஐத் தாண்டிவிட்டன. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க டொலர் இன்றி நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்தபோது, அந்த இடைவெளியின் விலை எனக்குப் புரிந்தது.

2011இல் எழுதிய பத்திக்கு நான் திருத்தம் வெளியிடவில்லை. அழைத்தவரும் இப்போது உயிருடன் இல்லை. கடலுக்குப் போகும் வெப்பம் முழுவதையும் கவனக்குறைவு என்று எழுதியது தவறு. வாசகர்கள் இதை அந்தத் திருத்தமாகக் கொள்ளலாம்.