மாடு நடந்த கதை

"நம்ம காலத்து அனிமேஷன் வகுப்பைப் பற்றி எழுதுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டதும் மனம் 1984-க்கு ஓடிவிட்டது. கம்ப்யூட்டர் எங்கள் துறைக்குள் எட்டிப் பார்க்காத காலம். பென்சில், காகிதம், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை, இவைதாம் எங்கள் சொத்து.

இந்த வித்தை நம்மிடம் வந்த வழியை இன்றைய மாணவர்கள் அறிவது நல்லது. டிஸ்னியில் 'பாம்பி' போன்ற படங்களில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ், 1956-இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். ஜாதகக் கதையை வைத்து அவர்கள் எடுத்த 'தி பேன்யன் டீர்' 1957-இல் வெளிவந்தது. அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர்! 2019-இல் மறைந்தார். அந்தப் பிரிவில் கற்றவர்களிடம் தொழில் பழகியவர்தாம் எங்கள் ஆசிரியர். ஆக, கைக்குக் கை மாறி வந்த வித்தை.

கணக்கு எளிது. விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு முறை எடுத்தால் விநாடிக்கு 12 படம். எங்கள் குழுவின் படம் 40 விநாடி. எனவே 480 படங்கள்! வண்டி மாடு ஒன்று தெருவில் நடந்து போகும், அவ்வளவுதான் கதை.

நான் வரைந்த முதல் நடையை ஆசிரியர் விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். "என்னப்பா இது? மாடு நடக்குதா, வழுக்கிக்கிட்டுப் போகுதா? போய் ரோட்டுல பாத்துட்டு வா" என்றார். மூன்று நாள் வெயிலில் நின்றேன். பின்னங்கால் எழும், சற்றுப் பொறுத்து அதே பக்கத்து முன்னங்கால் எழும், பிறகு மறுபக்கம். பிறந்தது முதல் பார்த்த மாட்டை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்தது செல் எனப்படும் ஒளி ஊடுருவும் தாள். முன்பக்கம் மையால் கோடு, பின்பக்கம் வண்ணம். கையுறை இல்லாமல் தொட்டால் விரல்ரேகை திரையில் தெரியும். மேலே ஒரு தாள் கூடினாலும் அடியிலுள்ள நிறம் மங்கும். அதனால் ஒரு காட்சியில் மூன்று அடுக்கு என்றால் கடைசிவரை மூன்று; படம் இல்லாத இடத்தில் வெறும் தாளையாவது வைக்க வேண்டும்.

படம் திரையிட்ட அன்று மாடு நடந்தது. கைதட்டினோம். மறுநாள் அத்தனை செல்களையும் வாளித் தண்ணீரில் நாங்களே கழுவினோம். செல் விலை அதிகம்; அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு வேண்டும். "உங்க சீனியர் கழுவிக் கொடுத்ததுலதான் நீங்க வரைஞ்சீங்க" என்றார் ஆசிரியர். மாடு தண்ணீரில் கரைந்து போயிற்று.

சென்ற ஆண்டு என் வீட்டுப் பரணிலிருந்த 16 மி.மீ. பிரதியை எடுத்தேன். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை. சுருள் சுருங்கி வளைந்திருந்தது. இனி ஓட்ட முடியாது. எஞ்சியது, எந்தப் படத்தை எந்த ஃபிரேமில் எடுப்பது என்று ஆசிரியர் கையால் திருத்திய நான்கு அட்டவணைத் தாள்கள் மட்டுமே.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். ஒரு பென்சில் தாள், ஒரு புகைப்படம், எது கிடைத்தாலும் இந்தச் சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். என் நான்கு தாள்களை நூலகத்தில் ஒப்படைக்கிறேன். மாணவத் தம்பி தங்கைகளே, நீங்கள் கம்ப்யூட்டரில் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒருநாள் ரோட்டுக்குப் போய் மாட்டைப் பாத்துட்டு வாங்க!