நீல முட்டையிடும் கோழியினங்கள்

நீல முட்டையிடும் கோழிகள் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் சீனத்திலும் தனித்தனியே தோன்றியவை. சிலியின் மாப்புச்சே மக்கள் வளர்த்த கோழிகளின் வழிவந்த அரௌகானா, அமெரௌகானா, கிரீம் லெக்பார் ஆகிய இனங்கள் இன்று பல நாடுகளில் வீட்டுப் புறக்கடைகளில் வளர்கின்றன. வண்ண முட்டைக்காகக் கோழிகளைக் கலப்பவர்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்தே தொடங்குகிறார்கள்.

முட்டை ஓட்டுக்கு நிறம் தருபவை முக்கியமாக இரண்டு நிறமிகள்: நீலப்பச்சை தரும் பிலிவெர்டின், பழுப்பு தரும் புரோட்டோபார்ஃபிரின். ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். பிலிவெர்டின் ஓடு முழுவதும் ஊறிக் கலக்கிறது. பழுப்போ பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில் மேலே படிகிறது. நீல முட்டையை உடைத்தால் உட்புறமும் நீலமாக இருப்பதும், பழுப்பு முட்டையின் உட்புறம் வெளுத்திருப்பதும் இதனால்தான். அடர்பழுப்பு முட்டைக்குப் பெயர்போன பிரெஞ்சு இனமான மரான் இட்ட முட்டையை ஈரம் காயுமுன் தேய்த்தால் நிறம் விரலில் ஒட்டும். பச்சைக்குத் தனி நிறமி கிடையாது. நீல ஓட்டின்மேல் பழுப்பு படிந்தால் பச்சை. அடர்பழுப்பு படிந்தால் ஆலிவ்.

ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழுப்பு ஓட்டைக் கண்டாலே நாட்டுக்கோழி முட்டை என்று கூடுதல் விலை கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. பண்ணைக் கலப்பினக் கோழிகளிலும் பழுப்பு முட்டையிடுபவை பல இருப்பதால், நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவது சரியல்ல. தோலும் சதையும் கறுத்த கடக்நாத் கோழியின் முட்டையும் இளம்பழுப்புதான்.

சிலியின் கோழிகளைக் கோழியியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஸ்பானிய அறிஞர் சல்வடோர் காஸ்தெல்லோ. 1914இல் சிலியில் கண்டவற்றை 1921இல் ஹேக் நகரில் நடந்த முதல் உலகக் கோழியியல் மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். அவர் தனி இனமென்று கருதியவை, உண்மையில் வாலில்லாக் கோழிகளையும் காதருகே இறகுக் குஞ்சமுள்ள கோழிகளையும் கலந்து சிலியின் ரூபன் புஸ்தோஸ் உருவாக்கியவை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரெஜினால்ட் புன்னட் நீல முட்டைப் பண்பின் மரபுவழியை ஆராய்ந்து 1933இல் வெளியிட்டார். அவரும் மைக்கேல் பீசும் உருவாக்கிய கிரீம் லெக்பாரில், பொரித்த அன்றே குஞ்சின் தூவியைப் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லிவிடலாம்.

நீல முட்டைக்கான மரபணு ஓங்குபண்பு உடையது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஓடு நீலமாவதற்கான காரணம் 2013இல் தெளிவானது. பண்டைய ரெட்ரோவைரஸ் ஒன்றின் துண்டு, கல்லீரலில் பித்த உப்புகளைக் கடத்தும் மரபணு ஒன்றின் அருகே செருகிக்கொண்டதால், அம்மரபணு ஓட்டுச் சுரப்பியிலும் இயங்கத் தொடங்கியது. சிலியிலும் சீனத்திலும் இச்செருகல் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது.

வளர்ப்பவருக்குள்ள பெரிய சிக்கல் சேவல். அது முட்டையிடாது, அது சுமக்கும் நிறம் மகள்கள் முட்டையிடும் பருவத்தில்தான் தெரியும். இங்கே கொண்டை கைகொடுக்கிறது. நீல முட்டை மரபணுவும் பட்டாணிக் கொண்டை மரபணுவும் ஒரே குரோமோசோமில் மிக அருகருகே உள்ளன. பட்டாணிக் கொண்டையுள்ள கலப்பற்ற அமெரௌகானாச் சேவலை ஒற்றைக் கொண்டை மரான் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைகள் எல்லாம் ஆலிவ் முட்டையிடும். அந்தப் பெட்டைகளை மறுபடி மரான் சேவலோடு சேர்க்கும்போது, பட்டாணிக் கொண்டையுள்ள குஞ்சுகளை மட்டும் நிறுத்திக்கொண்டால் போதும். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றிடம் நீல மரபணு இருக்கும், முட்டையும் இன்னும் அடர்ந்த ஆலிவாக வரும். கிரீம் லெக்பாருக்கு இந்த அடையாளம் செல்லாது: ஒற்றைக் கொண்டையோடே அது நீல முட்டையிடுகிறது.

அரௌகானாவின் காதுக் குஞ்சம் வேறு வகை. அதன் மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் கரு பொரிக்கும் நாளை நெருங்கும்போது முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். ஆகவே குஞ்சமுள்ள இரண்டைச் சேர்த்தால் கால் பங்குக் கருக்கள் வீண். நீல முட்டைக்குக் குஞ்சம் தேவையே இல்லை. கண்காட்சி அழகுக்காக மட்டும் இந்த இழப்பை ஏற்பது நியாயமல்ல. அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் 1984இல் ஏற்ற அமெரௌகானாவில் குஞ்சம் கிடையாது, வாலும் உண்டு.

இறகு நிறத்தில் வளர்ப்பவர்கள் அதிகம் விரும்புவது சாம்பல் நீலம். முட்டை நீலத்துக்கான மரபணு வேறு, இறகு நீலத்துக்கான மரபணு வேறு. இறகு நீல மரபணு ஒன்று இருந்தால் கறுப்பு, சாம்பல் நீலமாகிறது. இரண்டு இருந்தால் வெளிறிய உடலில் திட்டுத்திட்டாக நிறம் தெறித்த கோழி பிறக்கிறது. எனவே நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் சராசரியாகப் பாதிதான் நீலம். கால் பங்கு கறுப்பு, கால் பங்கு தெறிப்பு. கறுப்போடு தெறிப்பைச் சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் நீலம். லாவண்டர் எனப்படும் வெளிர்நிறம் வேறு, அது ஒடுங்குபண்பு. லாவண்டரோடு லாவண்டரைச் சேர்த்தால் நிறம் மாறாது.

முட்டை நிறத்தில் நீலத்தைவிடப் பழுப்பைக் காப்பதுதான் கடினம். அதை ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஒரு பெட்டை முட்டையிட இட அதன் பழுப்பும் வெளுத்துவரும். அடைக்கு வைக்க முட்டை பொறுக்குபவர்கள், அந்தக் கோழி பருவத் தொடக்கத்தில் இட்ட நிறத்தைக் குறித்து வைத்துக்கொண்டுதான் தேர்வு செய்ய வேண்டும்.