தோட்டத்து வீட்டை மேசைமேல் கட்டலாம்: மாதிரி வீடுகள் செய்யும் பொழுதுபோக்கு

ஒரு வீட்டின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை ஒரே விகிதத்தில் குறைத்துக் கட்டுவதே மாதிரி வீடு. பொம்மை வீட்டில் கதவைவிட நாற்காலி பெரிதாக இருந்தாலும் குழந்தைகள் கவலைப்படுவதில்லை. மாதிரி வீட்டில் ஒவ்வொரு பொருளும் கணக்குக்கு உட்பட்டே அமைய வேண்டும்.

ஐரோப்பாவில் இக்கலை பல நூற்றாண்டுகள் பழமையானது. அவற்றுள் புகழ்பெற்றது இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் உள்ள மேரி அரசியாரின் மாதிரி மாளிகை. புதுடில்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் அதனை வடிவமைத்தார். 1921 முதல் 1924 வரை நடைபெற்ற அப்பணியில் மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும்கூட அமைக்கப்பட்டன. இன்று அக்காலத்து வாழ்க்கை முறையைக் காட்டும் சான்றாகவும் அது விளங்குகிறது.

நம் நாட்டிலும் இப்பொழுதுபோக்குக்கு அந்தப் பயன் உண்டு. ரப்பர் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன. அங்கிருந்த லயங்களும் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர்க் குழாய் எத்தனை வீடுகளுக்குப் பொதுவாக இருந்தது போன்றவை இப்போது அங்கு வாழ்ந்த பெரியவர்களின் நினைவில்தான் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக் கட்டினால்தான் அந்த விவரங்கள் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும்.

அளவு விகிதம்

பரவலாகப் பயன்படும் விகிதங்கள் 1:12, 1:24, 1:48. முதலாவதில் உண்மையான ஓர் அடி, மாதிரியில் ஓர் அங்குலம் ஆகும். 1:24 என்றால் அரை அங்குலம். 1:48 என்றால் கால் அங்குலம்.

10 அடிக்கு 12 அடி கொண்ட ஓர் அறையை 1:24 விகிதத்தில் கட்டினால், 5 அங்குலத்துக்கு 6 அங்குலம் இடம் போதும். வரிசையாக நான்கு வீடுகள் கொண்ட லயத்தையும் ஒரு மேசையில் அடக்கிவிடலாம். புதிதாகத் தொடங்குவோருக்கு இதுவே வசதியான அளவு. கடைகளில் கிடைக்கும் ஆயத்தப் பெட்டிகளும் பெரும்பாலும் இதை ஒட்டிய அளவில் வருவதால், தயாரான நாற்காலி, விளக்கு போன்றவற்றையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இடிந்த வீட்டை அளப்பது எப்படி?

வீடு இல்லாவிட்டாலும் பழைய புகைப்படம் உதவும். படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேட வேண்டும். சதுர வடிவ மண்ணெண்ணெய் டின் ஏறக்குறைய 14 அங்குல உயரம் கொண்டது. பழைய பெரிய சைக்கிளின் சக்கரம் 28 அங்குலம். வாசலில் நிற்கும் பாட்டியின் உயரம் தெரிந்தாலும் போதும். அதை அளவுகோலாகக் கொண்டு கதவு, சன்னல், கூரை உயரம் ஆகியவற்றைக் கணக்கிடலாம். ஆனால் அப்பொருள் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். புகைப்படக் கருவிக்கு அருகில் இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும் என்பதால் கணக்குத் தவறிவிடும்.

பெரியவர்களிடம் "வீடு எத்தனை அடி?" என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. "எத்தனை பேர் பக்கத்தில் பக்கத்தில் படுத்தீர்கள்?", "கையைத் தூக்கினால் கூரை எட்டுமா?" என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அவர்கள் சொல்வதை வைத்து முதலில் தாளில் வரைபடம் வரைந்து, அவர்களிடமே காட்டித் திருத்திக்கொள்வது நல்லது.

பொருள்களும் வேலையும்

சுவருக்குத் தடித்த அட்டை அல்லது ஃபோம் போர்டு, பலகைக்கு ஐஸ்கிரீம் குச்சி அல்லது பால்சா மரம், ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போதும். கட்டர் கத்தியால் ஒரே மூச்சில் அழுத்தி அறுக்காமல், இரும்பு அடிக்கோலை வைத்து மூன்று நான்கு முறை மெதுவாகக் கீற வேண்டும். அப்போதுதான் விளிம்பு நேராக வரும், விரலுக்கும் பாதுகாப்பு.

தகரக் கூரைக்கு அட்டைப் பெட்டியே கைகொடுக்கும். நெளி தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி வழக்கமாக 3 அங்குலம். 1:12 விகிதத்தில் அது கால் அங்குலம். சாதாரணப் பெட்டி அட்டையின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால், உள்ளே இருக்கும் நெளிவு ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். 1:24 அளவுக்கு மெல்லிய பெட்டியின் அட்டை பொருந்தும். சாம்பல் நிறம் பூசிக் காய்ந்தபின், பழுப்பு நிறத்தைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் துரு ஏறிய கூரை கிடைத்துவிடும்.

கடைவீடு கட்ட விரும்புவோர் அஞ்சடியை மறக்கக்கூடாது. சிங்கப்பூரில் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் ராஃபிள்ஸ் வலியுறுத்திய கூரையிட்ட நடைபாதையே அது. அஞ்சடி இல்லாமல் கட்டினால் அது நம்மூர்க் கடைவீடாகத் தோன்றாது.

நம் வெயிலும் ஈரமும்

நம் தட்பவெப்பத்தில் காற்றின் ஈரம் அட்டையை வளைத்துவிடும். சுவரின் ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசினால் அது இன்னும் எளிதில் வளையும். இரு பக்கமும் பூசுவது அவசியம். மாவுப் பசை கரப்பான் பூச்சிகளை ஈர்க்கும் என்பதால் தவிர்க்கலாம். கண்ணாடிச் சன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் சூப்பர் குளூ பட்டால் வெண்மையாகப் படியும். அங்கும் வெள்ளைப் பசையே நல்லது. விளக்குக்குப் பயன்படும் சிறு வட்ட பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதன் மூடியைத் திருகாணியால் இறுக்கிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் அடிப்பலகையின் கீழ் தோட்டத்தின் பெயர், மாநிலம், எந்த ஆண்டில் இருந்த நிலை, அளவு விகிதம், விவரம் சொன்னவரின் பெயர் ஆகியவற்றை அவரது சம்மதத்துடன் எழுதி ஒட்ட வேண்டும். ஊகித்துச் சேர்த்த பகுதி எது என்பதையும் குறிக்கலாம். இக்குறிப்பு இருந்தால்தான், பின்னாளில் வீட்டுப் பிள்ளைகள் அதைத் தங்கள் குடும்பம் வாழ்ந்த வீடு என்று அறிந்துகொள்வார்கள்.