கணக்கு யாரிடம்? 1989க்குப் பின் கர்நாடகக் கல்லூரிகளில் மாணவர் பேரவை

1989 மார்ச் 28 அன்று இந்திய அரசமைப்பின் 61ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் கல்லூரி வயதினர் பெருந்திரளாக முதன்முறை வாக்குச்சாவடிக்குச் சென்றனர். கர்நாடகத்தில் சட்டமன்றத்துக்கும் அப்போதே தேர்தல் நடந்தது. அதில் வென்று வீரேந்திர பாட்டீல் முதலமைச்சரானார். அவரது ஆட்சிக்காலத்தில், 1989-90இல், மாநிலத்தின் கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல்கள் தடைசெய்யப்பட்டன. வளாக வன்முறையும் கட்சிப் பூசலும் காரணமாகக் கூறப்பட்டன.

நாட்டை ஆள்பவரைத் தீர்மானிக்கத் தகுதி பெற்ற பதினெட்டு வயதினர், தம் கல்லூரிப் பேரவையின் தலைவரைத் தீர்மானிக்கும் தகுதியை ஏறத்தாழ அதே வேளையில் இழந்தனர். இம்முரண் பலமுறை சுட்டப்பட்ட ஒன்று. தடையை ஆதரிப்போர், வகுப்புகள் அமைதியாக நடக்கின்றன என்கின்றனர். எதிர்ப்போர், அரசியலுக்குப் புதியவர்கள் வரும் வாயில் அடைபட்டது என்கின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இவ்விரு வாதங்களும் தொடாத மாற்றம் ஒன்று உண்டு: மாணவர் தலைவர் பதில் சொல்ல வேண்டிய இடம் மாறிப்போனது. முன்பு அவர் தமக்கு வாக்களித்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாதபோது அதைக் குறையென்று கூறவேனும் இயன்றது. தடைக்குப் பின் அவர் தம்மை நியமித்த கல்லூரி நிர்வாகத்துக்கு மட்டுமே பதில் சொல்பவரானார்.

இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய பல்கலைக்கழகங்களை விடச் சிறிய கல்லூரிகளே ஏற்ற களம். பெங்களூருவின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையில், ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஹெப்பகோடி அத்தகைய இடம். ஒருபுறம் எலக்ட்ரானிக் சிட்டி, மறுபுறம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை; மாநில எல்லையும் தொலைவில் இல்லை. கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே தேநீர்க் கடையில் கேட்கும் ஊர். கிராமமாக இருந்து தொழில்நகராக வளர்ந்த இப்பகுதியில், தொழிற்சாலைகளையும் மென்பொருள் நிறுவனங்களையும் அடுத்துத் தனியார் கல்லூரிகள் எழுந்தன. புனித பிரான்சிஸ் டி சேல்ஸ் கல்லூரி போன்றவை 2000க்குப் பின் தோன்றியவை. அதாவது, தடைக்குப் பின் பிறந்த கல்லூரிகள் இவை. தேர்தல் நடந்த காலம் என்ற நினைவே இவற்றுக்கு இல்லை. இழந்ததாகக் கருத எதுவும் இல்லாத இடத்தில், இழப்பைப் பற்றிய பேச்சும் எழுவதில்லை.

தேர்தலா நியமனமா என்ற வழக்கு 1989இல் தொடங்கியதன்று. 1948-49இல் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், மாணவர் சங்கங்கள் இயன்றவரை கட்சி அரசியலிலிருந்து விலகியிருக்க வேண்டும் எனக் கருதியது. 1964-66இல் கோத்தாரி ஆணையம் இன்னும் நுட்பமாக அணுகியது. பல்கலைக்கழக வாழ்வில் மாணவர் பங்கேற்பதற்கான முக்கிய வழியாகச் சங்கங்களைக் கண்டது. எல்லா மாணவரும் இயல்பாகவே உறுப்பினராக வேண்டும், பொறுப்பாளர்களைப் பல்வேறு மாணவர் மன்றங்கள் மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கலாம், ஒரே வகுப்பில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகள் தங்கியோர் பொறுப்புக்கு வரக்கூடாது என்றது. பதவிக்காகவே கல்லூரியில் தங்கும் தொழில்முறைத் தலைவர் குறித்த அச்சம் அன்றே இருந்ததை இது காட்டுகிறது. இரு ஆணையங்களும் மாணவர் அமைப்பு வேண்டாம் என்று கூறவில்லை.

அடுத்த பெரிய திருப்பம் கேரளத்திலிருந்து வந்தது. கல்லூரித் தேர்தலை எம்முறையில் நடத்துவது என்பதில் கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் மன்றத்துக்கும் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2005 டிசம்பரில் நீதிமன்றத்தின் ஆணைப்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2006 மே மாதம் அறிக்கை வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று அப்பரிந்துரைகளைச் செயல்படுத்துமாறு நீதிமன்றம் பணித்தது.

லிங்டோ குழு என்றவுடன் நினைவுக்கு வருபவை கட்டுப்பாடுகள்: வேட்பாளருக்குச் செலவு வரம்பு 5,000 ரூபாய், அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை, குறைந்தது 75 விழுக்காடு வருகைப்பதிவு, பொறுப்பாளர் பதவிக்குப் போட்டியிட ஒரே ஒரு வாய்ப்பு. இவற்றின் நிழலில் மறைந்துபோன பகுதிகள் இரண்டு உண்டு.

முதலாவது, நியமனம் பற்றியது. நியமன முறையில் குறைகள் பல என்றும், அது இடைக்கால ஏற்பாடாகவே இருக்கலாம் என்றும், ஐந்தாண்டுகளுக்குள் நிறுவனங்கள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் குழு கூறியது. நியமிக்கும் கட்டாயம் நேர்ந்தாலும் மதிப்பெண்ணை மட்டும் அடிப்படையாகக் கொள்ளலாகாது என்றும் அறிவுறுத்தியது. 2006உடன் ஐந்தைக் கூட்டினால் 2011. கர்நாடகத்தில் அந்த ஆண்டு ஓசையின்றிக் கடந்தது. இடைக்காலம் என்று பெயரிடப்பட்ட ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது.

இரண்டாவது, கணக்கு பற்றியது. தேர்தல் முடிவு வெளியான இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தணிக்கை செய்யப்பட்ட செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். நிர்வாகம் அதனை இரண்டு நாளுக்குள் எந்த மாணவரும் பார்க்கும் வண்ணம் வெளியிட வேண்டும். தவறினால் வெற்றி செல்லாது. கணக்கைப் பெறுவது நிர்வாகம். ஆனால் பார்க்கும் உரிமை மாணவருடையது. இவ்விதியின் உயிர் இந்த இரண்டாம் பாதியில் உள்ளது. எனினும் இது தேர்தல் செலவுக்கான கணக்கு. வென்றவர் ஓராண்டு முழுவதும் என்ன செய்தார், மாணவர் பெயரால் திரட்டிய பணம் எங்கே போனது என்பதற்கு இதே கூர்மையான விதி அங்கு இல்லை. 5,000 ரூபாய்க்குத் தணிக்கை கேட்ட ஏற்பாடு, அதனினும் பன்மடங்கு செலவாகும் கல்லூரி விழாவை அதே கண்ணால் பார்க்கவில்லை.

இன்று சிறிய தனியார் கல்லூரிகளில் பரவலாகக் காணப்படும் பேரவை இப்பின்னணியில் உருவானது. ஆசிரியர்கள் பெயர்களைப் பரிந்துரைப்பர், கல்லூரி முதல்வர் இறுதி செய்வார், பொறுப்பேற்பு விழாவில் தலைவருக்கும் செயலருக்கும் பட்டையும் சின்னமும் அணிவிக்கப்படும், உறுதிமொழி ஏற்பர். பிறகு விழாக்களை நடத்துவதும் வரிசைகளை ஒழுங்குபடுத்துவதும் விருந்தினரை வரவேற்பதும் அவர்களது பணி. இவற்றைச் சிறப்பாகச் செய்யும் மாணவர்கள் உண்டு. அவர்களது உழைப்பு உண்மையானது. ஆனால் தேர்வுக் கட்டணம் உயர்ந்தால், குடிநீர் வராவிட்டால், உள்மதிப்பீட்டில் குறை நேர்ந்தால், யார் சார்பில் அவர்கள் பேசுவர்? தம்மை நியமித்தவரிடமே தம்மை நியமிக்காதவர்களுக்காக வாதிடும் நிலையில் அவர்கள் நிறுத்தப்படுகின்றனர். தயங்கினால் அது அவர்களது குணக்குறை ஆகாது. அமர்த்தப்பட்ட இடத்தின் விளைவு அது.

தேசிய அளவிலான விதிகளும் இதில் ஒருமித்து நிற்கவில்லை. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பு, செயல்படும் மாணவர் பேரவை இருக்கிறதா என்றும், கல்வி, நிர்வாகக் குழுக்களில் மாணவருக்கு இடம் உண்டா என்றும் கேட்டுவந்துள்ளது. பேரவை எவ்வாறு அமைந்தது என்பதைவிட, இருப்பதற்கான சான்றே கோப்பில் முதன்மை பெறுகிறது. 2023ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, மாணவர் குறைதீர் குழுவில் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக இடம்பெறுவார். படிப்பு, விளையாட்டு, கலைத்திறன் ஆகியவற்றைக் கொண்டு அவர் நியமிக்கப்படுவார். ஆனால் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான அதே மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் வேறு மொழி பேசுகின்றன. மாணவர் தொடர்பான புகாரை விசாரிக்கும்போது உள்ளகப் புகார்க் குழுவில் இடம்பெறும் மூன்று மாணவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. மிகக் கடினமான புகாரில் மாணவரின் நம்பிக்கையைப் பெற்றவர் வேண்டும் என்பதை இவ்விதி உணர்ந்திருக்கிறது. பேரவைத் தேர்தலே அறியாத ஒரு கல்லூரி, இம்மூவரை எவ்வாறு தேர்ந்தெடுக்கும் என்பது ஹெப்பகோடி போன்ற இடங்களில் கேட்கத்தக்க கேள்வி.

இங்கே தமிழ் வரலாற்று மாணவர்கள் நன்கறிந்த சான்று ஒன்று புதிய பொருள் பெறுகிறது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. அதனைத் தேர்தல் ஜனநாயகத்தின் தொடக்கம் என மேடைகளில் கொண்டாடுவது வழக்கம். உண்மையில் அது நில உரிமையும் வேதக் கல்வியும் தகுதியாக வைக்கப்பட்ட பிராமணர் சபை. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அங்கே இடமில்லை. அங்கு நடந்தது வாக்கெடுப்பும் அன்று. 30 குடும்புகளிலிருந்து ஓலை எடுக்கும் குலுக்கல் முறை. ஆனால் தகுதியின்மைப் பட்டியலைக் கவனித்தால் அச்சபை எதற்கு அஞ்சியது என்பது தெரியும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைத் தற்செயலிடம் விட்ட அமைப்பு, கணக்கைத் தற்செயலிடம் விடவில்லை.

இதனால் தெளிவாவது ஒன்று. தேர்ந்தெடுக்கும் முறையும் பதில் சொல்லும் கடமையும் தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல. வாக்குப் பெற்றவர் கணக்குக் காட்டாமல் போகலாம். 1989க்கு முந்தைய வளாகங்கள் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒரு பகுதி இதுவே. குலுக்கலில் வந்தவர் கணக்குக் காட்டவும் கூடும். நியமன முறையிலோ கேட்பவர் ஒருவர் மட்டுமே, அவரே நியமித்தவர்.

கல்லூரிக்கே உரிய இடர் இன்னொன்று உண்டு. உத்திரமேரூரில் வாரியப் பெருமக்கள் 360 நாள் முடிந்த பின்னும் அவ்வூரிலேயே வாழ்ந்தனர். கல்லூரியில் தலைவரின் பதவிக்காலம் முடியும்போது பெரும்பாலும் படிப்பும் முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் அவர் வெளியேறுகிறார். மூன்று ஆண்டுகளில் மாணவர் கூட்டம் முழுவதும் மாறிவிடுகிறது. முந்தைய பேரவை என்ன வாக்களித்தது என்பதை அறிந்தவர் எவரும் மிஞ்சுவதில்லை. நிறுவனத்தின் நினைவு அலுவலகக் கோப்பில் மட்டும் இருக்கும். அக்கோப்பு மாணவர் கைக்கு எட்டாது. நினைவில்லாத இடத்தில் பொறுப்புக்கூறல் வேர்விடாது.

அண்மைக் காலத்தில் கர்நாடகத்தில் மாணவர் தேர்தலை மீட்பது குறித்த பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. தடை நீங்குமா என்பதை அரசு முடிவு செய்யும். ஆனால் அம்முடிவுக்குக் காத்திராமல் ஒரு சிறிய கல்லூரி செய்யக்கூடியவை சில உள்ளன. பேரவையின் கூட்டக் குறிப்புகளையும் வரவு செலவையும் நூலகத்தில் எல்லா மாணவரும் பார்க்கும்படி வைக்கலாம். ஆண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே, தலைவர் இன்னும் மாணவராக இருக்கும்போதே, வகுப்புப் பிரதிநிதிகள் கூடிய அவையில் கணக்கை வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லச் செய்யலாம். அந்த ஏட்டை அடுத்த பேரவையிடம் கையெழுத்துடன் ஒப்படைக்கலாம். வகுப்புப் பிரதிநிதிகளையாவது வகுப்பே மறைவாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க விடலாம். சிறிய, ஒரே வளாகம் கொண்ட பல்கலைக்கழகங்களுக்கு நேரடித் தேர்தல் பொருந்தும் என லிங்டோ குழுவே கூறியிருந்தது. ஒருவரையொருவர் முகமறிந்த சிறு கல்லூரிக்கு அது மேலும் எளிது.

இவையின்றித் தேர்தல் மட்டும் திரும்பினால், 1989இல் சொல்லப்பட்ட அதே காரணங்கள் மீண்டும் சொல்லப்படும். தடையும் மீண்டும் வரும். இவை இருந்தால், தேர்தல் வரும் நாளில் அக்கல்லூரியின் மாணவர்கள் வாக்கைக் கேட்பவரிடம் முதலில் கேட்பது வாக்குறுதியாக இருக்காது. சென்ற ஆண்டின் கணக்கேட்டைக் கேட்பார்கள்.