கவலை ஓட்டின காலும் பவர் டேபிள் மிதிக்கிற காலும்

திருப்பூர்ல ஒரு டெய்லர்கிட்ட போய், "உடம்புக்கு ஏதாவது பயிற்சி பண்றீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. "காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வர்றமுங்க. இதுக்கு மேல என்னங்க எக்சர்சைஸ்?"னு திருப்பிக் கேப்பார். கொஞ்சம் கோவமாக் கூட கேப்பார். ஒன்றரை ஷிப்ட் அடிச்சுட்டு வர்ற ஆள்கிட்ட வேற என்ன பதில் வரும்? அதுல பொய்யே இல்ல. ஆனா அந்த ஒரு பதிலுக்குள்ள இந்த ஊரோட நூறு வருஷக் கதை இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

எங்க பக்கத்துல 'உழைப்பு'ங்கறது சாதாரண வார்த்தை இல்ல. சரத் சாரின்னு ஒரு ஆராய்ச்சியாளர் திருப்பூரைப் பத்தி 2004-ல 'ஃப்ரடர்னல் கேபிடல்'னு ஒரு புத்தகமே எழுதினார். தொழிலாளியா இருந்து முதலாளி ஆனவங்ககிட்ட எப்படி மேல வந்தீங்கன்னு கேட்டா, வர்ற பதில் உழைப்பு, உழைப்பு, உழைப்புதான். தோட்டத்துல கத்துக்கிட்ட உழைப்பை அப்படியே பனியன் கம்பெனிக்குள்ள கொண்டாந்துட்டோம்னு அவங்களுக்கு நம்பிக்கை. பாதி சரி. வேர்வையும் நேரமும் உள்ள வந்தது. கால் வரல!

தோட்டத்து உழைப்புன்னா என்னன்னு பாக்கணும்னா கவலை இறைக்கறதைப் பாக்கணும். (இப்ப பாக்க முடியாது, பெரியவங்க சொல்லித்தான் கேக்கணும்.) கிணத்து மேட்டுல இருந்து சரிவா ஒரு வாரி வெட்டியிருப்பாங்க. ரெண்டு மாடு வடத்தை இழுத்துக்கிட்டு சரிவுல இறங்கினா சால் தண்ணியோட மேல வரும். அப்புறம் மாடுகளைப் பின்னாலயே நடத்தி மேல ஏத்தணும். மறுபடி இறங்கணும். விடியறதுக்கு முன்னாடி கட்டினா வெய்யில் ஏர்ற வரைக்கும் இதேதான். ஓட்டறவர் இறங்கும்போது வடத்து மேல ஜம்முன்னு உக்காந்துக்குவார், அது மட்டும்தான் ரெஸ்ட் :-) மத்தபடி ஏத்தம், இறக்கம், நடை, மடை மாத்தற ஆளுக்குக் குனிஞ்சு நிமிர்ற வேலை. அதை யாரும் உடற்பயிற்சின்னு சொல்லல. வேலைன்னுதான் சொன்னாங்க. அந்த உழைப்பு இனிமைன்னும் நான் சொல்ல மாட்டேன். நாப்பது வயசுல முதுகு போனவங்க எத்தனையோ பேர்.

1932-ல பைக்காரா மின் நிலையம் வந்துச்சு. நீலகிரியில இருந்து இறங்கின அந்தக் கரண்ட்டு கோவை வட்டாரத்தையே மாத்திருச்சு. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் என்னன்னா, கிணத்துல பம்ப்செட் வெச்சு கவலையை மெல்ல மெல்ல ஓய்வுக்கு அனுப்பினதும் கரண்ட்டுதான், ஊருக்குள்ள பனியன் மிஷினைச் சுத்த வெச்சதும் கரண்ட்டுதான். திருப்பூரோட முதல் பனியன் கம்பெனிக்கு 1925-ன்னு கணக்கு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி பனியன்னா கல்கத்தாதான். அப்புறம் ஒவ்வொண்ணா கம்பெனி கூடி, 1978 வாக்குல இத்தாலிக்காரங்க ஆர்டர் குடுத்து ஏற்றுமதி ஆரம்பிச்சு, 1990-ல ஏற்றுமதியாளர் சங்கம் வந்து... இந்தக் கதை உங்களுக்கே தெரியும், வேகமாத் தாண்டிடறேன்.

தாண்டக் கூடாத இடம் தையல் மிஷின். பழைய கால் மிஷின்ல ரெண்டு பாதமும் முன்ன பின்ன ஆடிக்கிட்டே இருக்கணும், ஆடினாத்தான் ஊசி இறங்கும். பவர் டேபிள் வந்ததும் மோட்டார் அந்த வேலையை எடுத்துக்கிச்சு. பாதத்தை லேசா அழுத்தினாப் போதும், ஓவர்லாக் பறக்கும். கை பறக்கும், கண் பறக்கும். இடுப்புக்குக் கீழ ஒண்ணும் நடக்காது. துணி எடுத்துக் குடுக்க, மடிச்சு அடுக்கக் கைமடி ஆள் உண்டு. அதனால எந்திரிக்கவும் வேண்டியதில்ல. முதுகு சாய இடமில்லாத ஸ்டூல்ல கழுத்தைக் குனிஞ்சு பத்து, பன்னெண்டு மணி நேரம்.

இது ஒண்ணும் புதுசு இல்லீங்க. இத்தாலியில ரமாசினின்னு ஒரு வைத்தியர், 1700-லயே தொழிலாளிகளோட நோய்களைப் பத்தி புத்தகம் போட்டுட்டார். அதுல உக்காந்தே வேலை செய்யற டெய்லர், செருப்புத் தைக்கிறவங்களுக்கெல்லாம் தனி அத்தியாயம். அவங்க முதுகு கூன் விழறதை எழுதிட்டு, லீவு நாள்லயாவது உடம்பை அசைங்கன்னு யோசனை சொல்றார். வேலை நாள்ல முடியாதுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க!

ஆனா உக்காந்திருக்கறது இதயத்தையே பாதிக்கும்னு எண்ணிக் காட்டினது ஜெர்ரி மோரிஸ். லண்டன் மாடி பஸ்ல டிரைவர் நாள் முழுக்க உக்காந்திருப்பார், கண்டக்டர் மாடிப்படி ஏறி இறங்கிக்கிட்டே இருப்பார். அதே பஸ், அதே ஊர். ஆனா மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம். 1953-ல 'லான்செட்' இதழ்ல வந்துச்சு. உடனே ஒரு கேள்வி வரும்ல? குண்டா இருக்கறவங்கதான் டிரைவர் வேலைக்குப் போறாங்களோ என்னவோ? அதுக்கு அவங்க என்ன பண்ணாங்கன்னா, பஸ் கம்பெனி குடுத்த யூனிஃபார்ம் பேன்ட்டோட இடுப்பளவு கணக்கை வாங்கிப் பாத்தாங்க. (நம்ம ஊர்க்காரங்க யாரும் இந்த ஆராய்ச்சியைக் கேட்டு சந்தோஷப்படாம இருக்க முடியாது, சைஸ் சார்ட்டை வெச்சு வைத்திய ஆராய்ச்சி!) டிரைவர்களோட இடுப்பு பெருசுதான், 1956-ல அதையும் எழுதினாங்க. ஆனா பின்னாடி பாத்தப்ப, ஒல்லியோ குண்டோ, கண்டக்டருக்கு மாரடைப்புல திடீர்னு சாகற ஆபத்து கம்மியாத்தான் இருந்துச்சு.

அதே 1956-ல இன்னொரு ஆராய்ச்சி, நம்ம நாட்டுலயே, அதுவும் ஒரு மில்லுல. ஜீன் மேயரும் ரெண்டு வங்காளிகளும் சேர்ந்து மேற்கு வங்காளத்துல ஒரு சணல் மில்லுல 213 பேரோட சாப்பாடு, எடை, வேலை மூணையும் அளந்தாங்க. கடினமா வேலை செய்யறவங்க வேலைக்குத் தக்கன சாப்பிட்டாங்க, எடை ஏறல. நாள் முழுக்க உக்காந்தே இருந்தவங்கதான் லேசான வேலை செஞ்சவங்களை விட ஜாஸ்தி சாப்பிட்டு எடையும் கூட இருந்தாங்க. அதாவது உடம்பு ஒரு அளவுக்குக் கீழ அசையலைன்னா பசிக்கும் வேலைக்கும் இருக்கற கணக்கு தப்பிப் போயிருது. ராத்திரி எட்டரைக்கு பேக்கரியில நின்னு டீயும் பப்ஸும் சாப்பிடற கூட்டத்தைப் பாக்கறப்பல்லாம் எனக்கு மேயர் ஞாபகம்தான்.

திருப்பூர்ல கொஞ்ச காலம் ஒரு விஷயம் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு: சைக்கிள். சுத்துப்பட்டு ஊர்ல இருந்து மிதிச்சே வந்துட்டுப் போவாங்க. 1980-ல டிவிஎஸ் 50 வந்துச்சு, அப்புறம் பைக், அப்புறம் கம்பெனி வேன், ஹாஸ்டல். மிச்சமிருந்த நடையும் போச்சு. ஐசிஎம்ஆர் ஆராய்ச்சி ஒண்ணு 2014-ல வந்துச்சு, தமிழ்நாடும் அதுல உண்டு. பாத்தவங்கள்ல பாதிக்கு மேல, 54.4 சதவீதம் பேர், போதுமான அசைவு இல்லாதவங்க. விளையாட்டு, வாக்கிங்னு தனியா எதாச்சும் செஞ்சவங்க நூத்துக்குப் பத்துப் பேர் கூட இல்ல.

"அப்ப நின்னுக்கிட்டே வேலை செய்யலாமே"ன்னு கேக்காதீங்க. செக்கிங் டேபிள்ல நாள் முழுக்க நிக்கிற பொண்ணுங்க, அயர்ன் மாஸ்டருங்க காலைப் பாருங்க, நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்கும். ஒரே இடத்துல நிக்கறது நடை ஆகாது. காலோட பெரிய தசைங்க சுருங்கி விரியணும். அப்பத்தான் ரத்தத்துல இருக்கற சர்க்கரையை அதுங்க இழுத்துக்கும். 2012-ல ஆஸ்திரேலியாவுல எடை கூடின 19 பேரை வெச்சுப் பாத்தாங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டே நிமிஷம் மெதுவா நடந்தாலே, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏர்ற சர்க்கரை நல்லாக் குறைஞ்சுச்சு. அது எடை கூடின கொஞ்சம் பேரை வெச்சுச் செஞ்ச சின்ன சோதனைதான், ஆனா நம்ம விஷயத்துக்கு ரொம்பப் பொருந்துது.

காலைல பார்க்குல வாக்கிங் போறவங்களைக் கவனிங்க. முதலாளிங்க, மெர்ச்சண்டைசருங்க, பேங்க்காரங்க. டெய்லர் ஒருத்தரைப் பாத்தா சொல்லுங்க. அவர் அந்நேரம் தண்ணி புடிச்சு, சோறு கட்டிக்கிட்டு இருப்பார். ஒரு காலத்துல நடந்து போறவர்னா வண்டிக்கு வழியில்லாதவர். இப்ப நடக்கறவர்னா நேரம் இருக்கறவர்.

அதனால டெய்லருக்கு "டெய்லி வாக்கிங் போங்க"ன்னு அட்வைஸ் பண்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க. இருபது நிமிஷத்துக்கு ரெண்டு நிமிஷம்னா மணிக்கு ஆறு நிமிஷம், பத்து மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம். பீஸ் ரேட்ல தைக்கிறவருக்கு அது ஒரு மணி நேரக் கூலி. அவர் கைக்காசைப் போட்டு எந்திரிச்சு நடப்பாரா? பெரிய கம்பெனிகள்ல ஒரு டி-ஷர்ட்டுக்கு எத்தனை நிமிஷம்னு கணக்கு போட்டுத்தான் விலை சொல்றாங்க. நூல் அறுந்தா, பாத்ரூம் போனா, களைப்பு வந்தாக் கூட அதுல இத்தனை சதவீதம்னு சேத்துக்குவாங்க. அந்த மணிக்கு ஆறு நிமிஷத்தையும் அதே காகிதத்துல சேத்தா, அது டெய்லர் பாக்கெட்ல இருந்து போகாம, வெளிநாட்டு பையர் குடுக்கற விலையில உக்காரும்.